படம் காணாத நோவு

நோவு உண்டென்று மனிதன் சொல்கிறான்; இல்லையென்று கருவி சொல்கிறது. யாரை நம்புவது? மருத்துவக் கேள்வியாகத் தோன்றும் இதனுள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது.

முள்ளியவளையை அடுத்த தண்ணீரூற்றில் நின்று இதனை எழுப்புவோம். வயலில் குனிந்தும் மூட்டை சுமந்தும் வாழ்வோர்க்கு நாரி நோவு புதிதன்று. ஆனால் இம்மண்ணின் மக்கள் சுமந்தவை நெல்மூட்டைகள் மட்டுமல்ல. 1990 ஒக்டோபரில் இவ்வூர் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2009இல், போரின் இறுதி மாதங்களில், வன்னி மக்கள் குழந்தைகளையும் முதியோரையும் சுமந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்தனர். பின்னர் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர்.

அவ்வழி நடந்த ஒரு தாய், மாதக்கணக்கான நாரி உளைவோடு வைத்தியரிடம் செல்கிறாள் என்று கொள்வோம். படம் எடுக்கப்படுகிறது. “படத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை” என்று தீர்ப்புக் கிடைக்கிறது. நோயாளியாகப் போனவள் பொய் சொன்னவளாகத் திரும்புகிறாள்.

இத்தீர்ப்பு விஞ்ஞானமா? அன்று. 1994இல் அமெரிக்காவில் முதுகு நோவே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. கருவியில் ஆராய்ந்தனர். அவர்களுள் 36 வீதத்தினருக்கே எல்லா முள்ளந்தண்டுத் தட்டுகளும் சீராக இருந்தன. நோவின்றியும் படத்தில் கோளாறு தெரியலாம். படத்தில் கோளாறின்றியும் நோவு இருக்கலாம். தட்டினுள் ஊசியால் திரவம் ஏற்றி நோவைத் தூண்டிப் பார்க்கும் சோதனையும் உண்டு. முதுகு நோவற்றவர்களிலும், உளத்துயர் மிக்கோரிடம் அச்சோதனை நோவைக் காட்டியதை யூஜின் கராஜியின் ஆய்வு 2000இல் வெளிப்படுத்தியது. ஆகவே சோதனையும் மனத்துக்கு அப்பாற்பட்டதன்று.

உளத்துயர் நோவைப் பெருக்குகிறது என்பது உண்மை. அதனை மறுப்பதும் தவறே. உறக்கமிழந்த, அஞ்சிப் பழகிய நரம்புகள் சிறு உளைவையும் பேருளைவாக உணர்கின்றன. ஆனால் பெருகிய நோவு பொய் நோவன்று. உடற்கோளாற்றால் விளங்காத அறிகுறிகளை 1980இல் வகுத்துரைத்த ஸ்கொத்லாந்து மருத்துவர் கோர்டன் வடெலே, அவற்றைப் பொய்யரைப் பிடிக்கும் பொறியாக்கலாகாது என்று பின்னர் எச்சரித்தார்.

எனில் சோதனையே வேண்டாமா? வேண்டும். காய்ச்சல், காரணமற்ற மெலிவு, கால் சோர்வு, சிறுநீர்க் கட்டுப்பாடின்மை ஆகியவை இருப்பின் தாமதிக்கலாகாது. உடலில் எறிகணைச் சிதறலைத் தாங்கியோர் பலர் வாழும் வன்னியில் இன்னொன்றும் உண்டு: எம்.ஆர்.ஐ. காந்தம் சில உலோகங்களை அசைக்கக்கூடும். ஆகவே படம் எடுக்குமுன் அம்மனிதனின் வரலாற்றைக் கேட்டே ஆகவேண்டும். கருவியே நம்மைக் கதை கேட்கப் பணிக்கிறது!

அக்கதையை முழுதும் கேட்பதே அறம். உறங்குகிறாளா? யாரை இழந்தாள்? காணி மீண்டதா? கூலி கிடைக்கிறதா? துயரைக் கண்டதும் மாத்திரை கொடுத்து, அத்துயரை விளைத்த வாழ்வை மறந்துவிடுவதும் இன்னொரு குருட்டுத்தனமே.

கருவி முதுகெலும்பைக் காட்டும்; அதன்மேல் ஏற்றப்பட்ட பாரத்தைக் காட்டாது. அதனைக் காண்பது மருத்துவரின் கடமை. அப்பாரத்தை இறக்குவது சமுதாயத்தின் கடமை.