மிதிக்கும் மண்ணும் தாங்கும் வானமும்

“எந்த மண்ணை மிதிக்கின்றாயோ, அந்த மண்ணின் வானத்தைத் தலையிலே தாங்கு” என்னும் கருத்துடைய பழமொழி ஒன்று இந்தோனேசியாவிலே பெருவழக்காக உள்ளது. பிறந்த ஊரைவிட்டுப் பிழைப்புத் தேடிச் செல்லுதலை ஒரு மரபாகவே கொண்ட மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்களிடையே இது பெரிதும் பேசப்படுவது. சென்றடைந்த ஊரின் வழக்காறுகளை மதித்து நட என்பதே இதன் நேர்ப்பொருள். ஆயினும் இப்பழமொழியில் ஆளப்பட்டுள்ள இரு வினைகளையும் ஊன்றி நோக்குமிடத்து, இதனுள் வேறொரு பொருளும் அடங்கியிருத்தல் புலனாகும். மிதித்தல் எளிது, தாங்குதல் அரிது. ஒரு மண்ணின் பயனைப் பெறுபவன் அம்மண்ணின் பாரத்திலும் பங்குகொள்ளல் வேண்டும் என்பதே அப்பொருள்.

இன்று இந்தோனேசியக் கிராமங்களை நாடி வெளியார் மூவகையாக வருகின்றனர். பார்த்துச் செல்ல வருவோர் ஒரு சாரார். பணத்தை இட்டுப் பயன்பெற வருவோர் இன்னொரு சாரார். தங்கி வாழ வருவோர் மற்றொரு சாரார். இம்மூவரிடமும் பொதுவாகக் காணப்படும் நியாயம் ஒன்றுண்டு. “கேட்ட விலையைக் கொடுத்தேன்; கொடுத்தவர் மனமொப்பியே பெற்றுக்கொண்டார்; எனவே என் கடன் தீர்ந்தது” என்பதே அது. இந்நியாயத்தை எளிதிற் புறந்தள்ளிவிட முடியாது. இருவர் தம் விருப்பத்தின்படி செய்துகொள்ளும் உடன்பாட்டினை மதித்தல் சுதந்திரத்தின் அடிப்படைகளுள் ஒன்றாகும். ஆனால் ஒரு கிராமத்தைப் பொறுத்தவரையில் விலை கொடுத்தலோடு கடன் தீர்ந்துவிடுகின்றதா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்குப் பாலித்தீவின் நெற்செய்கைக் கிராமங்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

பாலியின் மலைச்சரிவுகளிலே படிப்படியாக அமைந்துள்ள வயல்களுக்கு நீர் பாய்ச்சுவோர் ‘சுபாக்’ எனப்படும் சங்கங்களாக ஒன்றிணைந்துள்ளனர். 11ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே இவ்வமைப்புப் பற்றிய குறிப்புகள் காணப்படுகின்றன. ஒரே மூலத்திலிருந்து நீர் பெறுவோர் அனைவரும், வெவ்வேறு ஊரினராயினும், ஒரே சுபாக்கின் உறுப்பினராவர். அணைக்கட்டைப் பேணுதல், வாய்க்காலைத் துப்புரவாக்கல், நீரைப் பங்கிடல், விதைக்கும் நாளைத் தீர்மானித்தல் ஆகிய யாவும் கூட்டத்திலே முடிவு செய்யப்படும். அணைக்கட்டின் அருகிலும் நீர் பிரியும் இடங்களிலும் கோயில்கள் உள்ளன. வழிபாடும் நீர்ப்பங்கீடும் அங்கே ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. தலைமடையில் உள்ள கமக்காரன் தனக்கு வேண்டிய நீரையெல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளக் கூடியவன். அவன் கடைமடைக்காரனைப் பொருட்படுத்த வேண்டிய தேவை என்ன? இவ்வினாவை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் தந்த விளக்கம் நம் சிந்தனைக்குரியது. நீரைப் பொறுத்தவரை கடைமடைக்காரன் தலைமடைக்காரனை நம்பி நிற்கின்றான். பூச்சிகளைப் பொறுத்தவரையிலோ தலைமடைக்காரனும் கடைமடைக்காரனை நம்பியே நிற்கின்றான். பரந்ததொரு நிலப்பரப்பில் அனைவரும் ஒரே காலத்தில் அறுவடை செய்து வயலைத் தரிசாக விடும்போது பூச்சிகள் உணவின்றி அழிகின்றன. கீழ்வயற்காரனுக்கு உரிய காலத்தில் நீர் கிடையாதுவிடின் அவன் பயிர் பிந்தும். அப்பயிரிற் பெருகும் பூச்சி மேல்வயலையும் அழிக்கும். 1970களில் பசுமைப் புரட்சியின் பெயரால், இயன்றபோதெல்லாம் விதையுங்கள் என்று கமக்காரர் தூண்டப்பட்டனர். பழைய ஒழுங்கு குலைந்தது. நீர்த்தட்டுப்பாடும் கபிலநிறத் தத்தியின் தாக்கமும் பெருகின. கோயில்வழி வந்த ஒழுங்கின் பயனைப் பலர் உணர்ந்தது அதன் பின்னரே.

இவ்விளக்கத்திலிருந்து அறவியல் சார்ந்த ஓர் உண்மை பெறப்படுகின்றது. மேல்வயற்காரனின் நீதியுணர்ச்சிக்கு அவனது நல்லியல்பு மாத்திரம் காரணமன்று. அயலவனின் கேடு தன்னையும் வந்து சேரும் என்னும் நிலையும் காரணமாகும். கேட்டில் ஒருவருக்கொருவர் பங்காளராய் இருப்பதனாலேயே அங்கு நீதி நிலைபெறுகின்றது. சாதாரண மனிதரும் நீதியாக நடக்கக்கூடிய நிலைமையைக் கிராமம் இவ்வாறு தன்னுள்ளேயே உருவாக்கி வைத்துள்ளது.

இனி, இவ்வமைப்பினுள் நுழையும் வெளியாரை ஒவ்வொருவராக நோக்குவோம்.

முதலாமவர் பயணி. பாலியின் சுபாக் நிலத்தோற்றம் 2012ஆம் ஆண்டிலே யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அதனுள் அடங்கும் தபானான் பகுதியின் யாத்திலுவிஹ் கிராமத்துக்கு வயல்களைக் காண்பதற்கென்றே மக்கள் திரள்கின்றனர். அவர்கள் கண்டு மகிழும் அழகு இயற்கை தந்த கொடையன்று. வரம்பு கட்டியும் சேறு மிதித்தும் தலைமுறை தலைமுறையாக மனிதர் ஆற்றிய உழைப்பே அங்கு காட்சிப் பொருளாகின்றது. அக்காட்சி கெடாதிருத்தற்பொருட்டு, வயலில் விரும்பியவாறு கட்டடம் எழுப்பக் கமக்காரனுக்கு இடமில்லை. ஆக, உலகின் மகிழ்ச்சிக்காக அவன் தன் வருவாயின் ஒரு பகுதியைத் துறக்கின்றான். பயணி செலுத்தும் நுழைவுக்கட்டணம் அத்துறவுக்கான ஈடாதல் வேண்டும். 2024 பெப்ரவரி முதலாக, பாலிக்கு வரும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் 1,50,000 ரூபியா செலுத்த வேண்டும் என்னும் விதியும் நடைமுறைக்கு வந்துள்ளது. ஏறத்தாழ 44 இலட்சம் மக்கள் வாழும் தீவுக்கு அவ்வாண்டில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்தனர் என்பதை எண்ணும்போது, அக்கட்டணத்தை மிகையெனக் கூற முடியாது. அது வயலில் நிற்பவனைச் சென்றடைகின்றதா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இரண்டாமவர் முதலீட்டாளர். இவரது கடன் பயணியின் கடனிலும் பெரிது. வயற்பரப்பின் நடுவே ஒரு கமக்காரன் தன் துண்டுக் காணியைக் குத்தகைக்குக் கொடுக்கின்றான். அங்கே நீச்சற் குளத்துடன் கூடிய ஒரு விடுமுறை மாளிகை எழுகின்றது. உடன்பாடு செய்தோர் இருவரே, பாதிக்கப்படுவோரோ பலர். வயலிலிருந்து வயலுக்கு நீர் பாய்ந்த வழி அடைபடலாம். குழாய்க்கிணறு நிலத்தடி நீரை உறிஞ்சலாம். அயலில் உள்ள வயலுக்கும் மனைக்குரிய பெறுமதி கணிக்கப்பட, வரி உயர்ந்து அவனும் விற்க நேரலாம். மாளிகைக்காரருக்கோ கீழ்வயலிற் பூச்சி விழுந்தாலென்ன, விழாவிட்டாலென்ன? அவர் தலைமடையில் அமர்ந்துள்ளார். ஆனால் தலைமடைக்காரனைக் கட்டுப்படுத்திய அச்சம் அவருக்கு இல்லை. ஊரின் கேடு தம்மை வந்து சேராத நிலையில் இருப்பவர் அவர். விலை கொடுத்ததோடு கடன் தீர்ந்தது என்னும் வாதம் இங்கேதான் தளர்கின்றது. அவ்விலை ஒருவனுக்குக் கொடுக்கப்பட்டது. கடனோ வாய்க்காலின் நெடுகிலும் உள்ள அனைவருக்கும் உரியது.

இந்தோனேசியச் சட்டம் இதனை ஓரளவு உணர்ந்தே இயற்றப்பட்டது. 1960ஆம் ஆண்டின் அடிப்படைக் காணிச் சட்டம், காணி மீதான எல்லா உரிமைகளும் சமூகப் பணி உடையன என்று கூறுகின்றது. முழு உடைமையுரிமை குடிமக்களுக்கே உரியது. வெளிநாட்டவருக்கு அவ்வுரிமையை மாற்றும் நோக்குடன் செய்யப்படும் கைமாற்றம் செல்லாது. அக்காணி அரசைச் சேரும். இத்தடையைக் கடப்பதற்காக உள்ளூரவர் ஒருவரின் பெயரில் உறுதி முடிக்கும் வழக்கம் தோன்றியுள்ளது. ‘பெயரை இரவல் வாங்குதல்’ என்றே இந்தோனேசியர் அதனைக் குறிப்பிடுவர். பெயரை இரவல் கொடுத்தவன் பொய்யனாகின்றான். வாங்கியவன் தன் பணத்துக்கு அஞ்சி வாழ்கின்றான். ஊரோடு கொள்ளும் முதல் உறவே பொய்யாகத் தொடங்குமாயின் அதன்மேல் எதனைக் கட்டுவது?

சட்டம் அனுமதிக்கும் குத்தகையும் குறையற்றதன்று. 1870ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் இயற்றிய காணிச் சட்டம் தனியார் முதலுக்கு 75 ஆண்டு வரையிலான நீண்ட குத்தகையை வழங்கியது. சுதேசிகளின் நிலத்தைப் பிறர் வாங்கலாகாது என்ற பாதுகாப்பும் அக்காலத்திலேயே இருந்தது. எனினும் நிலம் கைமாறாமலே அதன்மேல் நிகழ்ந்த வாழ்வு மாறிப்போயிற்று. இன்று 25, 30 ஆண்டுகளுக்குக் குத்தகை எழுதப்பட்டு, பெரும்பாலும் முழுப்பணமும் தொடக்கத்திலேயே கொடுக்கப்படுகின்றது. தந்தை பெற்ற பணம் சடங்கிலும் வீட்டிலும் வாகனத்திலும் செலவாகிவிட, மகன் வளர்ந்து வரும்போது நிலமும் இல்லை, வருவாயும் இல்லை என்னும் நிலை உருவாகக்கூடும். உடன்பாட்டின் வேளையிற் பிறந்திராத ஒருவனின் சம்மதத்தை யார் பெற்றனர்? இதற்கு மாறாக, பாலியின் மரபுவழிக் கிராமங்களில் ஊருக்குரிய ஒருவகை நிலமுண்டு. அதனை அனுபவிப்பவன் ஊருக்கு உழைப்புக் கடன் செலுத்த வேண்டும். அதனை விற்க இயலாது. அங்கு நிலம் என்பது உரிமையும் கடமையும் ஒருங்கே ஆனது.

இவ்வாறு கூறும்போது நமக்கு எதிராக எழுப்பப்படக்கூடிய நியாயமான கேள்வி ஒன்றுண்டு. “சேற்றில் நிற்பவன் நானன்றோ? என் வறுமையை அழகென்று நீங்கள் எழுதுவதற்காக நான் வயலை விற்காதிருக்க வேண்டுமா?” என்று ஒரு கமக்காரன் கேட்பானாயின் நாம் தலைகுனியவே நேரும். பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு கிராமத்தைப் போற்றுதல் செலவற்ற செயல். மேலும், கிராமம் குற்றமற்ற பொன்னுலகுமன்று. ஊர் வழக்கை மீறியவனை ஒதுக்கிவைக்கும் கொடுமை பாலியிலும் உண்டு. கமக்காரனுக்கு விற்கும் சுதந்திரம் வேண்டும். ஆயினும் கடனும் மருத்துவச் செலவும் நெருக்கும்போது விற்பவன் சுதந்திரமாக விற்கின்றான் என்று கூறலாமா? ‘இல்லை’ என்று சொல்லும் வலிமை உள்ளவனின் ‘ஆம்’ என்ற சொல்லுக்கே முழுமதிப்பு உண்டு. அவ்வலிமையை அவனிடத்தும் ஊரிடத்தும் குறையாது வைத்திருத்தலே முதலீட்டின் முதல் அறமாகும்.

கொவிட் தொற்றுக் காலம் இதனை விளக்கிக் காட்டியது. 2020இல் எல்லைகள் மூடப்பட்டன. 2021ஆம் ஆண்டு முழுவதிலும் பாலிக்கு நேரே வந்த வெளிநாட்டவர் நூறு பேர்கூட இல்லை. விடுதிகளில் வேலை இழந்தோர் பலர் தம் ஊர்களுக்குத் திரும்பி மீண்டும் மண்வெட்டி பிடித்தனர். பயணி சென்றுவிட்டார், முதலீட்டாளர் பலரும் சென்றுவிட்டனர், எஞ்சி நின்றவை வயலும் ஊரும் உறவுமே. வயலை இழந்துவிட்டவனுக்கோ திரும்பிச் செல்ல இடமிருக்கவில்லை. இலாபத்திற் பங்குகொண்டோர் நட்டத்தின்போது வெளியேறக் கூடியவராய் இருந்தனர். ஊரவன் அவ்வாறு வெளியேற முடியாதவன். வெளியாருக்கும் ஊரவருக்கும் இடையிலான மெய்யான வேறுபாடு இதுவே.

மூன்றாமவர் தங்கி வாழ்பவர். பாலியில் ‘பஞ்சார்’ எனப்படும் ஊர்க்குழுவிலே மணமானோர் உறுப்பினராவர். ‘குல்குல்’ என்னும் மரப்பறை ஒலித்ததும் அவர்கள் கூட வேண்டும். சாவுக்கும் சடங்குக்கும் உழைக்க வேண்டும். பணம் படைத்த வெளியார் நன்கொடை அளித்துவிட்டு இவ்வுழைப்பிலிருந்து விலகிக்கொள்ள எண்ணுவர். நன்கொடை பயனுடையதே, ஆயினும் பாடையைத் தூக்கும் தோளுக்கு அது ஈடாகாது. ஆண்டில் ஒரு நாள், நியெப்பி என்னும் மௌன நாளன்று, விமான நிலையமும் மூடப்படுகின்றது. விளக்கேற்றலும் வீதியில் நடமாடலும் இல்லை. எவ்வளவு பணம் இருந்தபோதிலும் அன்று எவரும் விலக்குப் பெற முடியாது. அந்த ஒரு நாளின் சமத்துவம் ஏனைய நாள்களின் சமமின்மையை நமக்கு நினைவூட்டுகின்றது.

அயலானை ஊர் எவ்வாறு ஏற்கின்றது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. கிழக்கு யாவாவிலிருந்து நெல் அறுக்கவும் கட்டட வேலை செய்யவும் வரும் ஏழைத் தொழிலாளியும் பாலியில் வெளியாரே. 2002ஆம் ஆண்டின் குண்டுவெடிப்புக்குப் பின்னர் இத்தகையோர்மீதான பதிவும் பரிசோதனையும் கடுமையாயின. அறுவடை பொய்த்தால் அவனுக்கும் கூலியில்லை; ஊரின் கேட்டில் அவன் ஏற்கனவே பங்காளி. அவனிடம் அட்டையைக் கேட்கும் ஊர், கேட்டிற் பங்கேற்காத செல்வரை மாலையிட்டு வரவேற்குமாயின், ஊரும் தன் அளவுகோலைத் திருத்திக்கொள்ள வேண்டியதே.

ஆகவே, இந்தோனேசியக் கிராமமொன்றிற் பயணம் செய்தலோ முதலிடுதலோ வாழ்தலோ தவறன்று. வருபவர் தம்மைத் தாமே கேட்க வேண்டிய வினா ஒன்றேயாகும்: “இவ்வூருக்கு வரும் கேடு என்னை வந்து சேருமா?” சேரும் என்பவர் ஊரவராகும் வழியில் நிற்கின்றார். சேராது என்பவர் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளக் கடமைப்பட்டவர். நீர் செல்லும் வழியை அடைக்காதிருத்தல், குத்தகைப் பணத்தை ஆண்டுதோறும் அளித்து உரிய காலத்தில் மீள்பேச உடன்படுதல், நீர்பற்றிய முடிவுகளிற் சுபாக்கின் தீர்ப்புக்குப் பணிதல், பிறர் பெயரில் ஒளிந்துகொள்ளாதிருத்தல், ஊர் ‘வேண்டாம்’ என்றால் அச்சொல்லை ஏற்றல் என்பன அக்கட்டுப்பாட்டின் எளிய வடிவங்கள். கடைமடைக்காரனின் பூச்சிக்குத் தலைமடைக்காரன் அஞ்சியதனால் விளைந்த நீதியை, அவ்வச்சம் இல்லாதவர் தம் மனச்சான்றினால் விளைவித்தல் வேண்டும். மிதித்த மண்ணின் வானத்தைத் தாங்குதல் என்பது அதுவே.