குதிரைப் பந்தயமும் பிரியாணிப் பந்தயமும்

“ஹஜ்ரத், சுப்ரீம் கோர்ட்டே சூதாட்டம் இல்லை என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, மார்க்கம் மட்டும் ஏன் தடுக்கிறது?”

அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு வாலிபர் இவ்வாறு கேட்டார். கோடைதோறும் நண்பர்களோடு வேன் பிடித்து உதகைக் குதிரைப் பந்தயத்திற்குப் போய் வந்தவர். குத்தகைப் பாக்கிக்காக 2024-ல் அந்த மைதானத்தை அரசு எடுத்துக் கொண்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. சங்கரன்கோவில் வட்டாரத்து வண்டிப் பந்தயங்களில் யார் சொன்ன வண்டி தோற்கிறதோ, அவர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்பது இப்போது அவர்களுடைய ஏற்பாடு.

தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் சட்டம் வந்தது உண்மை. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறமை இவற்றை எடைபோட்டே பணம் கட்டப்படுகிறது, ஆகவே இது திறமையைச் சார்ந்த விளையாட்டு என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் உண்மை. திறமையா, அதிர்ஷ்டமா என்பதே அங்கே கேள்வி. பிக்ஹு கேட்பது வேறு கேள்வி.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பந்தயத்தைக் கண்டு உள்ளம் துள்ளுவது பாவமன்று. நபி (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை 5 அல்லது 6 மைல் ஓடின. மற்றவை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் ஓடின. இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் ஓட்டினார்கள். நாயகத்தின் அள்பா என்னும் ஒட்டகத்தை ஒரு கிராமவாசியின் இளம் ஒட்டகம் முந்தியபோது ஸஹாபாக்கள் மனம் வாடினார்கள். உலகில் உயர்ந்து விடும் எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தைச் சொல்லி நாயகம் அவர்களைத் தேற்றினார்கள். வாட்டம் இருந்தது, யாருடைய பையும் காலியாகவில்லை.

நம்மவர்க்கு இந்த ஆசை புதிதுமல்ல. இராவுத்தர் என்றாலே குதிரை வீரர் என்றுதான் பொருள். பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கியது நம் காயல் துறையில். ஏன், ஒருமுறை சாலையோரம் நின்ற என் மனமும் எனக்குத் தெரியாமலே ஒரு வண்டியைத் தேர்ந்துகொண்டு விட்டது!

பிக்ஹு கேட்பது, பணம் யார் கையிலிருந்து வருகிறது என்பதைத்தான். ஓடாத மூன்றாமவர் பரிசு தந்தால் ஆகும். ஓடும் இருவரில் ஒருவர் மட்டும் வைத்தாலும் ஆகும். ஜெயித்தவன் எடுத்துக்கொள்வது என்று இருவருமே வைத்தால் அது கிமார், சூது. ஓட்டுகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கி, அதையே பரிசாகத் திருப்பித் தரும் பந்தயக் கமிட்டியார் இதைக் கவனிக்க வேண்டும். ஓட்டுகிறவர்களுக்கே இவ்வளவு கட்டு என்றால், வேடிக்கை பார்ப்பவர்கள் தமக்குள் வைக்கும் பந்தயத்திற்கு இடமேது?

திறமை என்ற வாதம் என் மனத்தில் பல நாள் கிடந்தது. யோசிக்க யோசிக்க அது எதிர்ப்பக்கமே சாய்கிறது. மாட்டையும் குதிரையையும் நன்கறிந்தவன் திரும்பத் திரும்ப ஜெயிப்பான். அறியாதவன் திரும்பத் திரும்பக் கொடுப்பான். அந்தக் கூட்டத்திலும் ஒரே பையன் மூன்று தடவை தோற்றிருக்கிறான். தறி ஓட்டும் குடும்பத்துப் பிள்ளை. மூன்றாம் தடவை கடன் வாங்கித்தான் எல்லோருக்கும் இலை போட்டான். பிறகு அவன் இவர்களோடு பேசுவதில்லையாம். சூது பகையை மூட்டும் என்று அல்மாயிதா அத்தியாயத்தில் அல்லாஹ் எச்சரிப்பதை அந்த வாலிபருக்கு எடுத்துச் சொன்னேன்.

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “அவன் கடனை நாங்களே அடைத்துவிடட்டுமா, ஹஜ்ரத்?” என்றார்.

“அடைத்துவிட்டு வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்தும் வையுங்கள், தம்பி. பந்தயமில்லாத பிரியாணி என்றால் நானும் வருகிறேன்” என்றேன்.