இணையத்திலும் நீங்கள் ஆசிரியரே!

ஆசிரியர் தோழர்களே! "கம்ப்யூட்டரெல்லாம் நமக்கு வராது, அது சின்னப் பசங்க வேலை" என்ற பேச்சை இன்றோடு விடுங்கள். 40 பிள்ளைகளை ஒரு சாக்பீஸோடு கட்டிப்போடும் உங்களுக்கு உள்ளங்கை அகலக் கைபேசி அடங்காதா? அடங்கும்!

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்றொரு சிற்றூர். 2009-இல் ரஞ்சித்சிங் டிசலே அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தபோது, இடிந்த பள்ளிக்கூடம் மாட்டுத்தொழுவத்தை ஒட்டிக் கிடந்தது. பாடநூலோ பிள்ளைகளின் வீட்டுமொழியான கன்னடத்தில் இல்லை. அவர் சோர்ந்து உட்காரவில்லை. கன்னடம் கற்றார். பாடங்களை மொழிபெயர்த்தார். பக்கங்களில் கியூஆர் கோடு பதித்து, பாட்டையும் காணொலியையும் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவந்தார். பாடநூல்களில் கியூஆர் கோடு இடம்பெறும் என்று 2017-இல் அவரது மாநில அரசே அறிவித்தது. 2020-இல் 10 லட்சம் டாலர் உலக ஆசிரியர் பரிசு அவரைத் தேடி வந்தது. அதில் பாதியை இறுதிச்சுற்றுக்கு வந்த மற்ற 9 ஆசிரியர்களுக்குப் பங்கிட்டார். வசதியா அவரை உயர்த்தியது? "என் பிள்ளைக்கு நான் செய்வேன்" என்ற துணிவு!

தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் 2018 முதல் கியூஆர் கோடு இருக்கிறது. அதை ஸ்கேன் செய்தால் வரும் பாடம் எப்போதும் வேறொருவருடையதாகவே இருக்க வேண்டுமா? பின்னக் கணக்கைக் கடைசி பெஞ்சுக்கும் புரியவைக்கும் உங்கள் கலை, நான்கு சுவருக்குள் முடங்கலாமா? பதிவு செய்யுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. பத்தாவது பாடத்தில் நிமிர்ந்துவிடும்.

இன்றே உங்கள் பெயரை கூகுளில் தேடிப் பாருங்கள். பெற்றோரும் மாணவரும் அப்படித்தான் தேடுகிறார்கள். கண்ணில் படுவது கோபத்தில் போட்ட பதிவா? நீக்குங்கள். ஒன்றுமே இல்லையா? உங்கள் பாடம், அனுபவம், ஆக்கங்கள் தெரியும்படி ஒரு பக்கம் தொடங்குங்கள். பணிக்கு ஒரு கணக்கு, குடும்பத்துக்கு வேறொரு கணக்கு. நீங்கள் எழுதாவிட்டால் உங்களைப் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள்!

துணிவோடு பொறுப்பும் வேண்டும். பெற்றோர் இசைவில்லாமல் பிள்ளைகளின் படத்தைப் போடாதீர்கள். மதிப்பெண் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் பரப்பாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே சொல்கிறது. அவர்களுடைய தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஒவ்வொரு கணக்குக்கும் தனிக் கடவுச்சொல் வையுங்கள். ஓடிபி-யை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். சரிபார்க்காத செய்தியை ஃபார்வர்டு செய்யாதீர்கள். ஆசிரியர் அனுப்பினால் ஊரே நம்பும்!

தெரியாததை மாணவனிடம் கேட்பது இழுக்கல்ல. கற்கும் ஆசிரியரைக் கண்ட மாணவன் கற்பதற்குக் கூச்சப்பட மாட்டான். நல்ல நேரம் பார்க்காதீர்கள், புதுக் கைபேசிக்குக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ஒரு பாடம், உங்கள் குரலில், உங்கள் பெயரில், தமிழில் இணையத்தில் ஏறட்டும். உங்களால் முடியும், தொடங்குங்கள்!