வலை ஓய்ந்த வேனிலும் விரதமும்

பருவங்கள் ஆறென வகுத்த நம் முன்னோர், சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்றும், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்றும் பெயரிட்டனர். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலிற் செல்லலாகாது என அரசு விதித்துள்ள தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள். நாட்காட்டியைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு இவ்விரண்டும் ஓரிரு நாள் வேறுபாட்டில் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி நிற்பது விளங்கும். இளவேனில் முழுதும் பெருவலை ஓய்ந்திருக்கிறது. முதுவேனில் பிறந்ததும் எழுகிறது. நாளைக் குறித்தவர் தமிழ்ப் பருவத்தைக் கருதிக் குறித்தாரல்லர். மீன்கள் முட்டையிட்டு இனம் பெருக்கும் காலம் என்பதே அவர்தம் எண்ணம்.

புதுவை நகரின் வடபால், வைத்திக்குப்பத்தை அடுத்துக் கடலோரமாகக் கிடப்பது குருசுக்குப்பம். குருசு என்பது சிலுவையைக் குறிக்கும் சொல். போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தது. தொழிலின் பொருட்டும் பிள்ளைகளின் கல்வியின் பொருட்டும் வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களை விட்டுப் புதுவைக்கு வந்த நம்மவர் சிலர், மீனவர் தெருக்களுக்கு மிக அணித்தாகவே குடியிருக்க நேர்ந்துள்ளது. அவர்களுள் நாமும் ஒருவராகச் சில கோடைகளைக் கழித்திருக்கின்றோம். ஆதலின் இங்கே எழுதப்புகும் வினா ஏட்டில் மட்டும் எழுந்ததன்று.

முதுவேனிலில் இக்குப்பத்தின் காட்சிகளைச் சிறிது கூறுவோம். கச்சான் எனப்படும் மேல்காற்று நண்பகல் வரை நிலத்தின் வெப்பத்தையெல்லாம் வாரிக் கொணர்ந்து கொட்டும்; கடற்காற்று பிற்பகலில்தான் தலைகாட்டும். முன்பிருந்த மணற்கரை இன்று பெரும்பாலும் இல்லை. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றுமுகத்தில் எழுந்த துறைமுகத் தடுப்புகள் தெற்கிலிருந்து வடக்கே செல்லும் மணலோட்டத்தை மறித்தமையால், வடபுறத்துக் கரைகள் கரைந்தன. கருங்கற்களை அடுக்கிக் கடலைத் தடுத்துள்ளனர். அக்கற்களின் இடுக்குகளில் நண்டுகள் ஒளிந்தோடும். எஞ்சிய மணலில் சிப்பியும் சிறு சங்கும் அலையோடு புரளும். வேப்பம்பழம் மஞ்சளாகி உதிரும். மைனாவும் அணிலும் பகலிலும், வௌவால் இரவிலும் அதற்காக வரும். பாரதியார் குயில் பாட்டைப் புனைந்த ஊர் இது. ஆயினும் இப்பருவத்தில் நம் கவனத்தை ஈர்ப்பது பாடும் குயிலன்று. காகத்தின் பின்னே வாய் திறந்து கத்திக்கொண்டு திரியும் குயிற்குஞ்சே. தன் இனமல்லாத அதனைக் காகம் தன் குஞ்சென்றே ஊட்டி வளர்க்கும். மாலையில் இடிமழை ஒன்று பெய்துவிட்டாலோ தெருவிளக்கைச் சுற்றி ஈசல் புகையெனப் பறக்கும். காலையில் வாசலெங்கும் இறகு கிடக்கும்.

இவற்றை நாம் வெறும் வேடிக்கையாகப் பார்ப்பதற்கில்லை. அறிவின் அளவால் உயிர்களை வகுப்பது நம் ஆகமங்களில் உள்ளது; தொல்காப்பியர் மரபியலிலும் உள்ளது. மரத்தையும் புல்லையும் ஓரறிவிலும், சங்கினத்தையும் சிப்பியினத்தையும் ஈரறிவிலும், சிதலையும் எறும்பையும் மூவறிவிலும், நண்டையும் தும்பியையும் நான்கறிவிலும் அவர் வைத்தார். குருசுக்குப்பத்துக் கல்லணையில் அரைநாழிகை உட்கார்ந்திருப்பவன் அந்நான்கு படிகளையும் கண்ணெதிரே காண்பான். ஐந்தாம் படிக்குரிய மீனை மட்டும் அவன் பெரும்பாலும் கூடையிலேதான் காண்கிறான்.

இனி வினாவுக்கு வருவோம். இந்த 61 நாளில் கொல்லப்படாது தப்பிய மீன்கள் எண்ணிறந்தன. கட்டுமரத்திற்கும் சிறு மரபுக் கலங்களுக்கும் விலக்குண்டு. ஆதலின் கொலை அறவே நின்றதென்று கூறுதல் பொருந்தாது. எனினும் கடலின் அடியைத் துழாவி, வேண்டியதும் வேண்டாததுமாகிய அனைத்தையும் அள்ளிவரும் இழுவலை ஓய்ந்திருப்பது சிறிய செய்தியன்று. இவ்வோய்வு அறமாகுமா? கொல்லாமை என்னும் பெயர் இதற்குப் பொருந்துமா?

பொருந்தாது என்பதே நூல்கள் தரும் முதல் விடை. ஹிம்ஸை என்பது உயிர் பிரிவதனாலன்று, பிரமாதத்தோடும் கஷாயத்தோடும் கூடிய மனத்தால் நேர்வது என்று உமாஸ்வாமிகள் முதலாக அனைவரும் கூறினர். நம் தமிழ் யசோதர காவியமே இதற்குச் சான்று. அரசன் பலியிட்டது மாவினாற் செய்த கோழி. ஓர் உயிரும் போகவில்லை. ஆயினும் கொல்வதாகக் கருதி வாளை ஓச்சிய அந்த எண்ணம், அவனையும் அவன் தாயையும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழலச் செய்தது. அப்பிறவிகளுள் மீனாகப் பிறந்ததும் ஒன்று. ஸ்வயம்பூரமணக் கடலிலுள்ள பெருமீனின் செவியில் வாழும் அரிசியளவான தந்துல மத்ஸ்யத்தின் கதையையும் நம் இல்லங்களிற் சிறுவர் அறிவர். பெருமீனின் வாயினுள்ளே புகுந்து வெளியேறும் மீன்களைக் கண்டு, 'இத்தகைய வாய் நமக்கிருந்தால் ஒன்றையும் தப்பவிடோமே' என்று ஓயாது எண்ணிய அச்சிறுமீன் ஒன்றையும் தின்றதில்லை. ஏழாம் நரகத்தை அடைந்தது. உழுகின்றபோது உயிர்களைக் கொல்ல நேரும் உழவனினும், நாள் முழுதும் ஒன்றும் அகப்படாது வலையோடு அமர்ந்திருக்கும் வலைஞனுக்கே வினை மிகுதி என்று சிராவக ஒழுக்க நூலார் ஒப்பிட்டுக் காட்டியதும் இக்கருத்தினாலேயே. கரையில் கட்டிய படகில் வலை பழுது பார்க்கப்படுகிறது. 62ஆம் நாளின் வேட்டை ஒவ்வொரு முடிச்சிலும் எண்ணப்படுகிறது.

இவ்விடையோடு நின்றுவிடுதல் நமக்கு மிக வசதியானது. அதனாலேயே நாம் இதனை ஐயுறுகின்றோம்.

எண்ணமே அளவுகோல் எனின், அக்கோலை நம் இல்லத்தின்மீதும் வைத்துப் பார்த்தல் வேண்டும். நம்மிற் பலர் புலால் உண்ணாமை பிறப்பினால் வந்தது. பாட்டனார் உண்ணவில்லை, தந்தையார் உண்ணவில்லை, அடுக்களையில் அது புகுந்ததில்லை. நாமும் உண்ணவில்லை. ஒருநாளேனும் எதிரே நின்று 'இதனை விடுகின்றேன்' என்று நாம் உறுதி பூண்டதுண்டா? புருஷார்த்தசித்தியுபாயத்தில் அமிருதசந்திராசாரியர், ஹிம்ஸையில் ஈடுபடுதலோடு ஹிம்ஸையினின்று விலகாமையையும் ஒருங்கே வைத்தெண்ணுகிறார். செய்யாமை வேறு, துறந்தமை வேறு. படகைச் சட்டம் கட்டிப்போட்டது; நம்மை வழக்கம் கட்டிப்போட்டுள்ளது. கயிறுகள் இரண்டும் புறத்திலிருந்து வந்தவையே. சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் பணிக்குச் செல்லும் நம் பிள்ளைகளிடத்து அக்கயிறு தளர்வதை ஊரில் எல்லாரும் அறிவர். வாய்விட்டுப் பேசுவார் குறைவு. 'வெளியூரில் கிடைப்பதைத் தின்ன வேண்டியிருக்கிறது' என்னும் சொல், 61 நாள் முடிந்ததும் கடலுக்குள் பாயும் படகுக்கு உறவானதே.

மீனவர்க்கு அறம் எட்டாதது என்றெண்ணுவோர்க்கு நம் நூல்களே மறுப்பாக நிற்கின்றன. மிருகசேனன் என்னும் வலைஞனின் கதையைச் சோமதேவ சூரி, கி.பி. 959இல் முடித்த யசஸ்திலகத்தில் அஹிம்ஸைக்கே எடுத்துக்காட்டாக வைத்தார். முனிவர் ஒருவர் அவனிடம் தொழிலைவிடு என்று கூறவில்லை. அது அவனால் இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். முதலில் வலையில் விழும் மீனை மட்டும் கொல்லாதே என்றார். அவன் ஏற்றான். அன்று முதலில் விழுந்த மீனுக்குத் துணிக்கிழி ஒன்றை அடையாளமாகக் கட்டி நீரில் விட்டான். மறுபடி வீசினான், அதே மீன். ஐந்து முறை வீசினான். ஐந்து முறையும் அதே மீன். ஐந்து முறையும் விட்டான். வெறுங்கையோடு வீடு திரும்பியவனை மனைவி உள்ளே விடாமற் கதவை அடைத்தாள். வெளியே உறங்கியவனை அரவு தீண்டிற்று. அவ்வொரு மீனைக் காத்த பயனாக மறுபிறப்பில் வணிகர் குலத்திற் பிறந்து ஐந்து முறை சாவினின்று தப்பினான் என்பது கதை. பயன் ஒருபுறம் இருக்க, அம்முனிவரின் அளவறிதலை நினைந்து நினைந்து நாம் வியக்கின்றோம். 61 நாளில் கோடி மீன்களை விடுவித்த சட்டத்தால் கூடாதது, ஒரே ஒரு மீனைக் குறித்து எடுத்த உறுதியால் கூடிற்று. அவன் அவ்வுறுதியைக் காத்தது பசியோடு. நாம் வழக்கத்தைக் காப்பது நிறைந்த வயிற்றோடு. இவ்வேறுபாட்டையும் மறத்தலாகாது.

இங்கே ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். தடைக்காலம் முடியும் தறுவாயில், பக்கத்துத் தெரு மீனவ மூதாட்டி ஒருவர் நம் இல்லத்துப் பெரியவரிடம் வந்து, "ரெண்டு மாசமா வட்டிக்கு வாங்கித்தான் அடுப்பெரியுது. பையன் போட்டுக்குப் போறான். நல்லா மீன் படணும்னு உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார். தடைக்காலத்திற்கென அரசு வழங்கும் நிவாரணத் தொகை குடும்பச் செலவு முழுமைக்கும் காணாது என்பது அத்தெருவில் யாவரும் அறிந்ததே. நம் பெரியவர் சற்று மௌனமாயிருந்து, "உன் பிள்ளை நல்லபடியாக் கரை சேரணும்னு தினமும் நினைச்சுக்கறேன்" என்றார். மூதாட்டி மகிழ்ந்து சென்றார். பின்னர் இல்லத்தில் இளையோர், "கேட்டது மீன், கொடுத்தது கரையா? படகு வெறுமையாய்த் திரும்பினால் டீசல் கடனை யார் அடைப்பது?" என்று வாதிட்டனர்.

அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. வினை மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றாலும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றாலும் வரும்; எண்ணுதல், கருவி கூட்டுதல், தொடங்குதல் என்னும் மூன்றும் கஷாயம் நான்கும் பெருக்க, வாயில்கள் 108 ஆகும் என்பது நாம் அறிந்த கணக்கு. மீன் படுக என்று வேண்டுதல் உடன்பாடாகும்; அதனைப் பெரியவர் தவிர்த்தது முறையே. ஆனால் பிள்ளை கரைசேர வேண்டுதலை நழுவல் மொழி என்று நாம் கருதவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையைக் கண்ட கரை இது. இங்கே கரைசேர்தல் என்பது உபசாரச் சொல்லன்று. எல்லா உயிரிடத்தும் மைத்திரி, குணவான்களிடத்துப் பிரமோதம், துன்புறுவோரிடத்துக் காருண்யம், செவிசாயாரிடத்து மாத்தியஸ்தம் என நால்வகைப் பாவனை நமக்குக் கூறப்பட்டுள்ளது. மீனவரை நான்காம் இடத்தில் வைத்து ஒதுங்குவோர் நம்மில் உளர். மூன்றாம் இடமே அவர்க்குரியது என்பது நம் துணிபு. கடனும் வட்டியும் வலையை அவர் கையில் திணிக்கின்றன. அவ்வம்மையார்க்கு உண்மையில் உதவ விரும்பினால் வேண்டுதலோடு நில்லாது, பேரப்பிள்ளையின் கல்விக்கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்கலாம். அதற்கு எந்த விரதமும் தடையன்று. வாங்குவார் இன்றேல் விற்பார் இலர் என்னும் கருத்தைப் புலால் மறுத்தலில் வள்ளுவர் வைத்தது, பழியின் பங்கு வலைஞனோடு முடிவதில்லை என்பதற்கே. நகரத்துச் சந்தைகளில் விலை கேட்டு நிற்போர் பலர். அவரை நாம் மீனவர் என்றழைப்பதில்லை.

ஜூன் 15இல் படகுகள் புறப்படுகின்றன. ஏறக்குறைய அடுத்த திங்களில், பெரும்பாலும் ஜூலையில், ஆஷாட சுக்ல சதுர்த்தசியன்று நம் முனிவர்கள் நடையை நிறுத்தி வர்ஷாயோகம் கொள்கின்றனர். மீன் பெருகட்டும் என்று படகு நின்றது, பெருகியதைப் பிடிக்கும் பொருட்டு. மழையில் தளிர்த்த புல்லும் பிறந்த புழுவும் காலடியில் நசுங்கலாகாதென்று முனிவர் நிற்பது, அவ்வுயிர்களின் பொருட்டே. நிற்றல் என்னும் செயல் இரண்டிடத்தும் ஒன்றே. மற்றொன்றும் இங்கு எண்ணத்தக்கது: ஸமந்தபத்ராசாரியர் இரத்தினகரண்டகத்தில் காலவரையறையுடைய துறவை நியமம் என்றும், வாழ்நாள் முழுதுக்குமானதை யமம் என்றும் பிரித்தார். 61 நாள் தடைக்கு நியமத்தின் உருவம் முழுவதும் உள்ளது. எடுத்துக்கொள்ளும் மனம் ஒன்றே இல்லை. நம் இளைஞரிடத்து யமத்தை முதல் நாளிலேயே வற்புறுத்தி, அவர் தயங்கினால் கடிந்துகொள்வது மிருகசேனனுக்கு வாய்த்த முனிவரின் வழியன்று.

இவ்வாண்டு வேனில் கழிந்து மழை தொடங்குகையில் அவர்க்கெனச் சிறு நியமம் ஒன்றைக் குறிக்கலாம். ஈசல் எழும் மாலைகளில் வாசல் விளக்கை அணைத்தல், இருள்முன் உண்டு முடித்தல், நீரை வடிகட்டி வடிதுணியில் தங்கியதை எடுத்த நீர்நிலையிலேயே விடுதல், வெளியூரில் உண்ணுமுன் இதில் என்ன கலந்தது என்று கேட்டறிதல் ஆகியவற்றுள் எதுவாயினும் ஒன்று போதும். அருகில் முனிவர் வர்ஷாயோகத்தில் எழுந்தருளியிருப்பின் அவர் முன்னிலையிலும், இல்லையெனில் தத்தம் ஊர் ஜினாலயத்தில் பிம்பத்தின் முன்னிலையிலும், நாளின் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லி அதனை ஏற்கலாம்.