ஓடுகிறது என்பது சாட்சியா?

"நல்லாத்தானே ஓடுது மச்சான்" என்கிறார்கள். பழைய டீசல் பிக்கப்பை அக்கரைப்பற்றிலிருந்து கண்டிக்குக் கொண்டுபோக ஆயத்தம் செய்கையில் என்னைத் தயங்கவைப்பது இந்த வார்த்தைதான். ஒயில் குறைந்தால் குச்சி காட்டும். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். ஹைலக்ஸின் 2எல் எஞ்சினில் உள்ள டைமிங் பெல்ட்டோ, பெரும்பாலும் அறும்வரை வாய்திறவாது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. முன்னைய சொந்தக்காரர் மாற்றியதற்கு எழுத்தில்லை. பழைய பிரேக் ஒயிலும் அப்படித்தான். ஈரத்தை உறிஞ்சிவைத்திருந்து நீண்ட இறக்கத்தில் கொதிக்கும். மஹியங்கனையின் பதினெட்டு வளைவில் ஏறிவிடலாம். கேள்வி திரும்பி இறங்கும்போதுதான்.

1877இல் வில்லியம் கிளிஃபோர்ட் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பற் சொந்தக்காரன் வருகிறான். பழைய கப்பல். சந்தேகங்களை அமுக்கி, பத்திரமாய்ப் போகும் என்று மனதார நம்பிப் பயணிகளை அனுப்புகிறான். கப்பல் கரைசேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளியே என்கிறார் கிளிஃபோர்ட். அப்படி நம்ப அவனுக்கு உரிமையில்லையாம். கடுமையான தீர்ப்புத்தான். பெல்ட் வாங்கக் காசில்லாத கூலிச் சாரதியை இந்தத் தராசில் நிறுக்க எனக்கு மனம் வராது. ஆனால் பின்னால் ஏறப்போகும் பிள்ளைகளுக்கு அப்படியொரு பெல்ட் இருப்பதே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு அவர்கள் எப்படிச் சம்மதம் தருவது?

வாகனம் இப்போது கராஜில். பயணம் ஒரு கிழமை பிந்தும்.