கதவு திறக்கும் நேரம்

பால்டிமோர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். 1960-களில் ஓர் ஆய்வு அறை.

நாற்காலிகள். தரையில் பொம்மைகள். சுவரில் ஒரு கண்ணாடி. அதற்கு அப்பால் ஆட்கள் இருக்கிறார்கள். உள்ளிருந்து பார்த்தால் தெரிவதில்லை.

*

குழந்தைக்கு ஒரு வயது.

தாய் உட்கார்கிறாள். குழந்தை தவழ்ந்து போகிறது. ஒரு பந்தைத் தொடுகிறது. திரும்பிப் பார்க்கிறது. மறுபடி பந்து.

கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பார்வையும் குறிப்பில் ஏறுகிறது.

*

முகமறியாத ஒரு பெண் உள்ளே வருகிறாள். ஒரு நிமிடம் பேசாமல் இருக்கிறாள். ஒரு நிமிடம் தாயுடன் பேசுகிறாள். பிறகு குழந்தையின் பக்கம் மெல்ல நகர்கிறாள்.

தாய் எழுந்து வெளியே போகிறாள்.

*

மூன்று நிமிடம்.

அழுகை கூடினால் அதற்கு முன்பே தாயை உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். நல்லது.

*

கதவைத் தட்டுவது தேடல். கதவையே பார்த்துக்கொண்டிருப்பது தேடல். தாய் உட்கார்ந்திருந்த காலி நாற்காலியை ஒருமுறை பார்ப்பதும் தேடல். தாய்–குழந்தைப் பிணைப்பை இந்த அறையில் ஆராயும் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் அப்படித்தான் கணக்கில் எடுக்கிறார்.

 

*

கதவு திறக்கிறது.

தாய் வாசலிலேயே சற்று நிற்கிறாள். அப்படித்தான் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் அசைவு குழந்தையுடையது.

எவ்வளவு அழுதது என்பதைவிட இந்த நொடிகளைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

*

ஒரு குழந்தை கைகளை உயர்த்துகிறது. தோளில் முகம் புதைகிறது. விம்மல் அடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் கீழே இறங்க நெளிகிறது.

ஒரு குழந்தை தூக்கச் சொல்லி அழுகிறது. தூக்கினால் உதைக்கிறது. இறக்கினால் மறுபடி அழுகை.

ஒரு குழந்தை நிமிர்ந்தே பார்ப்பதில்லை. கையில் பொம்மை. யாரும் வராதது போல.

*

நெருங்குதல். விடாமல் பற்றியிருத்தல். விலகுதல். எதிர்த்தல். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை எண்.

எண் எழுதும் கை ஒரு கணம் தயங்கியிருக்கும் என்று தோன்றுகிறது. தோன்றி, போகிறது.

*

நிமிர்ந்து பார்க்காத குழந்தை.

அமைதியாக இருக்கிறது. சமர்த்து என்றுகூடச் சொல்லத் தோன்றும்.

1977. ஆய்வாளர்கள் ஆலன் ஸ்ரூஃபும் எவரெட் வாட்டர்ஸும் இதயத் துடிப்பைப் பற்றி எழுதுகிறார்கள். இப்படி முகம் திருப்பிக்கொள்ளும் குழந்தைகளுக்கும் துடிப்பு ஏறுகிறது. பொம்மையின் மேல் கண் இருக்கிறது. துடிப்பு இறங்குவதில்லை.

முகத்தில் ஒன்றும் இல்லை.

*

சில குழந்தைகள் இந்த மூன்று வகைகளில் எதிலும் அடங்குவதில்லை. தாயை நோக்கி வரும்போதே உறைந்து நிற்கின்றன. பின்பக்கமாக நகர்ந்து வருகின்றன. 1980-களில் ஆய்வாளர்கள் மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் அவற்றுக்கு நான்காவது வகை ஒன்றை வைக்கிறார்கள்.

அதுவரை அவை வேறு ஏதோ ஒரு வகையில் இருந்தன.

*

ஜப்பான். சப்போரோ. அதே கதவு, அதே மூன்று நிமிடம்.

பல குழந்தைகளின் அழுகை நிற்பதில்லை. அங்கே அப்போது தாய்மார்கள் குழந்தையைத் தனியே விட்டுப் போவது அரிதாக இருந்தது. அந்த மூன்று நிமிடம் அந்தக் குழந்தைகளுக்கு எவ்வளவு நீளம் என்று எந்தக் கடிகாரத்திலும் இல்லை.

*

இவற்றுக்கெல்லாம் முன், உகாண்டா, 1954. அறை இல்லை, கண்ணாடி இல்லை. கம்பாலாவுக்கு அருகே கிராம வீடுகளில் ஐன்ஸ்வொர்த் உட்கார்ந்திருக்கிறார். தாய் நகர்கிறாள். குழந்தை பின்னாலேயே போகிறது. அவர் பார்க்கிறார்.

*

பால்டிமோர் அறையில் இரண்டு பிரிவுகள், இரண்டு திரும்பல்கள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 20 நிமிடம்.

பின்னால் வந்த ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அந்த 20 நிமிடங்களை எடுத்துக்கொண்டார்கள். வீடுகளுக்குப் போனவர்கள் குறைவு. ஐன்ஸ்வொர்த்துக்கு அதில் வருத்தம் இருந்தது.

பால்டிமோரில் அவர் எடுத்துக்கொண்டவை 26 குடும்பங்கள். அந்த அறைக்கு வருவதற்கு முன், பிறந்த சில வாரங்களிலிருந்தே, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல. ஒரு குழந்தைக்கு ஏறக்குறைய 72 மணி நேரம்.