பெற்றோர் கவலை

மக்களைப் பெற்றோர்க்குக் கவலை புதிதன்று. ஆயினும் திருவனந்தபுரத்தில் அக்கவலை இந்நாளில் கொண்டுள்ள உருவம் ஊன்றி நோக்கத்தக்கது. சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவர் உளர். அங்கிருந்து ஏறத்தாழ பத்துக் கல் தொலைவில், கழக்கூட்டத்தில், 1990-ம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டெக்னோபார்க்கில் கணினித் தொழில் புரிவோரும் உளர். இவ்விரு சாராருள் முன்னவர், தம் மகன் மேலே ஏற வேண்டுமே என்று அஞ்சுகிறார். பின்னவர், தம் மகன் கீழே விழுந்துவிடக் கூடாதே என்று அஞ்சுகிறார். படிகளின் இடைவெளி மிகுந்த ஏணியில் ஏறுவதும் அரிது. விழுந்தால் அடியும் பெரிது. வருவாயில் ஏற்றத்தாழ்வு பெருகப் பெருக, ஏழை மட்டுமன்றி உள்ளவனும் உறக்கம் இழப்பதன் காரணம் இதுவேயாகும்.

பொருளைப் பற்றிய இக்கவலை வெறும் பற்று என்று இல்லறத்தாரை இகழ்வோர் நம் அன்பர்களிலும் சிலர் இருக்கின்றனர். (அவருட் பலர் மாதந்தோறும் ஓய்வூதியம் பெறுவோர் என்பதைச் சொல்லாதிருக்க முடியவில்லை.) பகவர் அவ்வாறு இகழ்ந்தாரில்லை. சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு அவர் உரைத்த அறவுரையில், மக்களுக்குத் தொழில் பயிற்றுதலும், உரிய காலத்தில் செல்வத்தை ஒப்படைத்தலும் பெற்றோர் கடமைகளாகவே எண்ணப்பட்டுள்ளன. ஈட்டியதில் ஒரு பகுதியை இடுக்கண் காலத்துக்கென வைத்தலும் அங்கே கூறப்பட்டிருக்கிறது. ஆகவே நம் வினா, கவலைப்படலாமா என்பதன்று. அக்கவலை நம்மை எவ்வழியில் செலுத்துகிறது என்பதே.

2018-ம் ஆண்டில் கேரளத்திலிருந்து கல்விக்காக வெளிநாடு சென்றிருந்த மாணவர் ஏறத்தாழ 1,30,000 பேர். 2023-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை ஏறத்தாழ 2,50,000 ஆகிவிட்டது. வெளிநாட்டுப் படிப்புக்கான பெருங்கடனுக்கு வங்கிகள் பொதுவாக வீட்டையோ நிலத்தையோ ஈடாகக் கேட்கின்றன. மகனுக்குப் பின்னர் உதவும் என்று கட்டிய வீடே, அவன் கல்விக்காக அடகு வைக்கப்படுகிறது. பாதுகாப்பாக எண்ணித் தந்தை தேடியது, கடனாக மகன் தலைமேல் ஏறுகிறது. படித்து முடித்தும் தக்க வேலை கிட்டாதோர் நிலை யாது? இதைப் பெற்றோர் அறியாரல்லர். அண்டை வீட்டுப் பையன் போய்விட்டான் என்ற ஒன்றே அவர் கையெழுத்திடப் போதியதாகிறது. தத்தம் மகவைத் தனித்தனியே கரையேற்ற முயலும் இம்முயற்சியில், ஊர்ப்பள்ளியும் ஊர்க்கல்லூரியும் எக்கேடு கெட்டாலும் கேட்பாரில்லை. அதனால் எஞ்சி நிற்பவரின் அச்சம் இன்னும் மிகுகின்றது.

இதே மாவட்டத்தில் வேறுவகைப் பெற்றோரும் வாழ்ந்தனர். வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1907-ம் ஆண்டில் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். புலையர் முதலான உழவுத் தொழிலாளரின் மக்களைப் பள்ளியிற் சேர்க்க நிலவுடைமையாளர் தடையாயிருந்தனர். அரசின் இசைவு ஏட்டளவில் நின்றது. அதனை ஒட்டிய ஆண்டுகளில் அப்பெற்றோர் வயலில் இறங்க மறுத்தனர். நாட்கூலி நின்றால் அன்றிரவு கஞ்சி இல்லாத குடும்பங்கள் அவை. விழிஞம் கடற்கரை மீனவர் அவர்களைத் தம் தோணிகளில் ஏற்றிக்கொண்டு, பிடித்த மீனில் பங்கு தந்தனர்.

பசித்த குழந்தையின் இன்றைய உணவை, அதன் நாளைய எழுத்துக்காகப் பணயம் வைக்கப் பெற்றோர்க்கு உரிமை உண்டா? எளிதில் விடை கூற நமக்குத் துணிவில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் தம் பிள்ளைக்கு மட்டும் இடம் கேட்டிருந்தால் எவர்க்கும் கிடைத்திராது என்பது மட்டும் திண்ணம். அடகு வைக்க அவர்களிடம் ஒன்றுமில்லை. ஆதலால் எல்லோர் பிள்ளைக்கும் சேர்த்தே கேட்டனர். அடகு வைக்க நமக்கு ஏதோ இருப்பதனால் தனியே போகிறோம். மீனவருக்கோ அப்போராட்டத்தில் பெறுவதற்கு நேரே ஒன்றும் இருந்ததில்லை. அவர்தம் இல்லங்களிலும் குழந்தைகள் இருந்தனர். மீனும் அளவாகவே கிடைத்திருக்கும்.

ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் புலையச் சிறுமியை அய்யன்காளி அழைத்துச் சென்று அமரவைத்த பள்ளி அன்று தீக்கிரையாயிற்று. 2022-ம் ஆண்டில் அப்பள்ளிக்கு அவ்விருவர் பெயரும் சூட்டப்பட்டது. எரிந்து எஞ்சிய ஒரு பெஞ்சுப்பலகை அங்கே இன்றும் காக்கப்பட்டு வருகிறது.